வலப்பக்க நரம்பு

மார்கழி விடியற்காலைப் பூசையில் துசாந்தன் பாடிக்கொண்டிருந்தபோதுதான் டொக்டர் கலாஜினி அவனுடைய கழுத்தில் இருந்த கட்டியைக் கண்டாள்.

இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கோயில் மண்டபத்து ஈரத் தரையில் சாக்கு விரித்துச் சனம் இருந்தது. துசாந்தன் கண்ணை மூடிக்கொண்டு மேல் ஸ்தாயியில் ஏறி நின்றான். அந்த இடத்துக்காகத்தான் நாவற்குடாச் சனம் அந்தக் குளிரிலும் தலைமுழுகி வரும். பாட்டை இறக்கி முடித்து அவன் எச்சிலை விழுங்கியபோது, குரல்வளைக்கு வலப்பக்கத்தில் ஒரு பாக்கு அளவில் மேடு ஒன்று மேலே போய்க் கீழே வந்தது. குழல் விளக்கின் வெளிச்சம் நேரே விழுந்திருக்காவிட்டால் தெரிந்திருக்காது.

விழுங்கும்போது அசைகிற கட்டி எந்த இடத்துக் கட்டி என்று அவளுக்கு மாணவியாக இருந்த காலத்திலேயே தெரியும். தீபம் காட்டி முடியும்வரை கையைக் கூப்பியபடி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன கும்பிட்டாய் என்று யாரும் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திராது.

கலாஜினி களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை செய்தாள். காலையில் கதவு திறக்கும்போதே வாங்குகளில் சனம் இருக்க இடமிராது. காய்ச்சல், இருமல், சீனி, பிரஷர், வயலில் மிதித்த முள். எத்தனையோ பேருடைய கழுத்தைத் தடவிப் பார்த்த கை அவளுடையது. புருசனின் கழுத்தை மட்டும் எப்போது கடைசியாக நிதானமாகப் பார்த்தாள் என்று பூசை முடிந்து நடந்து வருகையில் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

வீட்டில் பிட்டும் எருமைத் தயிரும். அவளுடைய தகப்பன் பாக்கியராசா ஏற்கெனவே கோப்பையோடு இருந்தார். அந்த வீடு கலாஜினிக்குச் சீதனமாக வந்தது. தாய் போனபிறகு தகப்பனும் அவர்களோடுதான். அவர்களுடைய மகள் பேராதனையில் படித்துக்கொண்டிருந்தாள். துசாந்தன் பள்ளிக்கூடத்தில் சங்கீத மாஸ்டர். சனிக்கிழமைகளில் இந்த வீட்டு விறாந்தையில்தான் வகுப்பு.

அவன் இரண்டு வாய் வைத்திருப்பான். கலாஜினி பின்னால் வந்து நின்றாள்.

"கொஞ்சம் தண்ணி குடிங்க பாப்பம்."

"ஏன்?"

"குடிங்களன்."

அவன் குடிக்கக் குடிக்க இரண்டு கை விரல்களாலும் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

"என்னகா, சாப்பிடுற மனிசனப் புடிச்சுக் கழுத்தத் தடவுற?"

"எவ்வளவு நாளா இரிக்கு இது?"

அவன் பிட்டைத் தயிரோடு பிசைந்தான்.

"ஷேவ் எடுக்கக்குள்ள தட்டுப்பட்டிச்சு. ஆவணி மட்டில."

"ஆவணியில தட்டுப்பட்டு இப்ப மார்கழி. வீட்டில ஒரு டொக்டர் இரிக்காள் எண்டு மறந்து போச்சா?"

"மறக்காதபடியாத்தான் சொல்லல்ல. சொன்னா நீ வெட்டோணும் எண்டுவாய்."

"என்ன வெட்டு?" என்றார் பாக்கியராசா. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "வயல் வெட்டுக்கு இன்னும் நாள் இரிக்குகா. கதிர் இப்பதான் பால் புடிக்குது."

துசாந்தன் சிரித்தான். கலாஜினிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்கான் எடுத்தார்கள். ஊசி குத்திப் பார்த்தார்கள். வந்த முடிவு அவள் நினைத்ததுதான். புற்றுநோய், ஆனால் மெதுவாக வளர்கிற வகை. வெட்டி எடுத்து, பிறகு ஒரு மருந்தும் குடித்தால் ஆயுசுக்குக் குறையில்லை. இதே வசனத்தை அவள் தன் மேசைக்கு முன்னால் இருந்த எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். வீட்டில் சொல்லும்போது பாதியில் நிறுத்தி முதலில் இருந்து தொடங்கினாள்.

துசாந்தன் கேட்டது ஒன்றுதான். "ஆர் வெட்டுற?"

வெட்டக்கூடியவள் அகீலா. ஏறாவூர்க்காரி. படிக்கிற காலத்தில் இருவரும் ஒரே அறை. விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது அகீலா இவளையும் தட்டி எழுப்பிப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவாள். துசாந்தனுடைய பாட்டுக் கேட்கப் போகிறேன் என்று கலாஜினி புறப்பட்ட நாட்களில், தனியே விடக்கூடாது என்று கூடவே போய், கடைசியில் இவளைவிட அந்தப் பாட்டில் பைத்தியமானவளும் அவள்தான். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நிபுணர். தொண்டை, கழுத்து என்றால் கிழக்குப் பக்கத்தில் அவளைத் தேடி வருவார்கள்.

ஏறாவூரில் அவளுடைய வீட்டுக்குப் போனார்கள். தேத்தண்ணியும் மஸ்கட் இனிப்பும் வந்தன. அகீலா ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கதிரையைத் துசாந்தனுக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"மாஸ்டர், நான் சொல்றத வடிவாக் கேளுங்க. இந்தக் கட்டிக்குப் பின்னால ஒரு நரம்பு ஓடுது. நூல் மாதிரி. வலப்பக்கத்துக் குரல் நாண அதுதான் ஆட்டுற. கட்டி அதைத் தொடாம இரிந்தா ஒரு பிரச்சினையும் இல்ல."

"தொட்டிரிந்தா?"

"திறந்து பாத்தாத்தான் தெரியும். ஆனா நான் செய்ய மாட்டன். கொழும்பில எனக்குப் படிப்பிச்ச சேர் இரிக்கார். அவரிட்ட நானே கூட்டிப் போறன்."

"ஏன் அப்பிடி?" என்றாள் கலாஜினி.

"உங்கட வீட்டில சோறு திண்ட கைகா இது. நடுங்கும்."

துசாந்தன் மஸ்கட் துண்டைத் தட்டில் வைத்தான். "அவருக்கு இது ஒரு கழுத்து. உங்களுக்கு இந்தக் குரலத் தெரியும். எது போனாலும் என்ன போச்சுது எண்டு தெரிஞ்ச ஆள்தான் வெட்டோணும்."

அகீலா ஸ்கான் படத்தைத் திரும்ப உறைக்குள் வைத்தாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். எழும்பி உள்ளே போனாள். தொழுதுவிட்டு வந்து, "தைப்பொங்கல் முடியட்டும்," என்றாள். "மறுகா ஒண்டு. நரம்பில கட்டி ஒட்டிக் கிடந்தா ரெண்டு வழி இரிக்கு. நரம்ப விட்டுட்டுச் சுரண்டி எடுக்கலாம், கட்டியில கொஞ்சம் மிஞ்சும். இல்லாட்டி நரம்போட சேத்து வெட்டலாம். எது வேணுமெண்டு நீங்க இப்பவே சொல்லிப் போடுங்க."

"அதைக் கலாவிட்டக் கேளுங்க," என்றான் துசாந்தன். "அவள் சொல்றதச் செய்யுங்க."

திரும்பி வரும் வழியில் அவள் காரோட்டிக்கொண்டே எது வேண்டும் என்று கேட்டாள்; அவன் யன்னலுக்கு வெளியே வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தான். வெள்ளம் வடியாமல் தண்ணீர் வீதி ஓரம்வரை நின்றது.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தும் கேட்டாள்.

"என்ன செய்யச் சொல்ல? உங்கட வாயால சொல்லுங்க."

"நாளைக்குக் கதைப்பம்."

"நாளைக்கு விடியவே தியட்டருக்குக் கொண்டு போயிருவாங்க."

"அப்ப நாளண்டைக்குக் கதைப்பம்," என்று சொல்லிச் சிரித்து, பக்கத்துக் கட்டில்காரரிடம் அவருடைய மாடுகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டான். அன்றைக்கு அவன் ஒரு வரியாவது முணுமுணுப்பான் என்று கலாஜினி எதிர்பார்த்திருந்தாள். பாடவேயில்லை.

தியட்டர் வாசலில் அவள் கதிரையில் இருந்தாள். அந்தக் கதவுக்கு உள்ளே போக அவளுக்கு உரிமை இருந்தது. போகவில்லை. பாக்கியராசா பக்கத்தில் இருந்து, மழை விட்டால் நெல் வெட்டுற மெசின் இறக்கலாம், விடாவிட்டால் நெல் வயல்வட்டையிலேயே முளைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. முகமூடியோடு அகீலா. கையுறைக் கைகளை எதிலும் படாமல் நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"ஒட்டிக் கிடக்குகா. நல்லா இறுகி. சுரண்டலாம். முழுக்க வராது. மிஞ்சினதுக்கு மருந்து இரிக்கு, அது கேக்கவும் கூடும், கேக்காமப் போகவும் கூடும். வெட்டினாச் சுத்தமா வந்திரும்."

"நீ என்ன சொல்ற?"

"ரெண்டையும் செய்யிற ஆக்கள் இரிக்காங்க. ரெண்டும் பிழையில்ல. நீ சொல்லு."

நரம்பை விட்டுவிட்டால் அந்தக் குரல் இருக்கும். மிஞ்சியது திரும்பவும் வளர்ந்தால்? இரண்டாம் முறை திறக்கிற கழுத்துகள் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்திருக்கிறாள். மகளின் முகம் வந்தது. வீட்டு விறாந்தையில் அவனுடைய பாய் வெறுமையாகக் கிடப்பது போல ஒரு காட்சி வந்தது.

"வெட்டு," என்றாள்.

அகீலா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

"என்ன சொல்லிட்டுப் போறா?" என்று பாக்கியராசா கேட்டார். கலாஜினி அவருடைய காதுக்குக் கிட்டப் போய், "எல்லாம் சரி வரும் எண்டு சொன்னாப்பா," என்றாள்.

அடுத்தநாள் துசாந்தன் வாய் திறந்தபோது குரல் வரவில்லை. காற்று வந்தது. சைக்கிள் குழாயில் ஓட்டை விழுந்தால் வருமே, அப்படி. திரும்பவும் முயற்சி செய்தான். அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நரம்பில ஒட்டிக் கிடந்திச்சு. அகீலா வந்து கேட்டா. நான்தான் வெட்டச் சொன்னன்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு கையை எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவனுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. போத்தல் கலாஜினியின் முழங்கைக்குக் கிட்ட இருந்தது. அவன் வார்டின் மற்ற அந்தத்தில் நின்ற தாதியைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

வீட்டுக்கு வந்தபிறகும் அப்படித்தான். தேவையானதைத் தானே எடுத்துக்கொண்டான், அல்லது மாமனாரிடம் சைகை காட்டினான். காற்றுக் குரல் பாக்கியராசாவின் காதில் ஏறாது. உப்பைக் கேட்டால் சீனிப் போத்தலைத் தூக்குவார். கலாஜினி எழும்பி உப்பை எடுத்து வைப்பாள். அவன் நன்றியாகவோ கோபமாகவோ ஒன்றும் காட்டாமல் போட்டுக்கொள்வான்.

ஒருநாள் பாக்கியராசாவே கேட்டுவிட்டார். "ஏன் புள்ள, ஒப்பரேசன் ரெண்டு பேருக்குமா செஞ்சவங்க? நீயும் கதைக்கிறாயில்ல."

சனிக்கிழமை வகுப்பை அவன் நிறுத்தவில்லை. ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு சுரத்தை வாசித்துக் காட்டுவான். பிள்ளைகள் பாடவேண்டும். பிழைத்தால் அதே கட்டையைத் திரும்ப அழுத்துவான். முன்பென்றால் தானே பாடிக் காட்டி ஒரு நொடியில் திருத்தியிருப்பான். ஹார்மோனியத்தில் அந்த வளைவு வராது. அவனும் அழுத்திக்கொண்டே இருந்தான், பிள்ளைகளும் பிழையாகவே பாடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று துருத்தியை மூடிவிட்டு எழும்பி வாவிப் பக்கம் போய்விட்டான். பிள்ளைகள் ஆளையாள் பார்த்துக்கொண்டு செருப்பைத் தேடினார்கள். கூட்டிப்போக வந்த ஒரு தாய் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"டொக்டர், வேற மாஸ்டரிட்ட விடுறது நல்லமா? கோவிக்காதீங்க."

"அடுத்த சனி வரட்டும். மறுகா யோசிப்பம்," என்றாள் கலாஜினி.

ஆஸ்பத்திரியில் வேலை வழமைபோல நடந்தது. ஒரு நாள் கழுத்தில் கட்டியோடு ஒரு பெண் வந்தாள். பயப்படாதீங்க, குரலுக்கு ஒண்டும் ஆகாது என்று சொல்வது கலாஜினியின் பழக்கம். வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "பெரிய டொக்டரிட்டப் போனா எல்லாத்தையும் கேளுங்க. என்ன வேணும், என்ன வேணாம் எண்டு நீங்களே சொல்லுங்க. வேற ஆளச் சொல்ல விடாதீங்க," என்றாள். அந்தப் பெண்ணுக்கு அது விளங்கியதா என்று தெரியவில்லை.

நோன்பு தொடங்கியது. ஒரு பின்நேரம் அகீலா தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தாள். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் மணத்தன. துசாந்தன் அவளைக் கண்டதும் கதிரை இழுத்துப் போட்டான். மூச்சைப் பிடித்துப் பிடித்து அவளோடு பேசினான். மற்றப் பக்க நாண் பழகிப் பழகி இந்தப் பக்கம் சாய்ந்து வரும், மாதக்கணக்கில் எடுக்கும், பேச்சுப் பயிற்சிக்கு ஒருத்தரை ஒழுங்கு செய்திருக்கிறேன் என்று அகீலா சொன்னாள். அவன் கேள்விகள் கேட்டான். குசினியில் நின்ற கலாஜினிக்கு அந்தக் காற்றுச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. இந்த வீட்டில் அவன் இத்தனை வசனம் பேசி எவ்வளவோ காலமாகிவிட்டது.

அகீலா கோப்பை எடுக்க உள்ளே வந்தாள்.

"வெட்டச் சொன்னது நீயில்ல, நானா வெட்டினதெண்டு சொல்லியிரிக்கலாமே நீ. என்னில கோவிச்சிரிப்பார். நான் தாங்கியிரிப்பன்."

"அவருக்கு உன்னோடயாவது கதைக்க ஏலட்டும் எண்டுதான்," என்றாள் கலாஜினி.

அகீலா அவளுடைய தோளைப் பிடித்தாள். கலாஜினி அப்போதுதான் அழுதாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

மாசியில் வெயில் பிடித்தது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் பாக்கியராசாவின் வயல் இருக்கிற வட்டையில் மெசின் இறங்கிவிட்டது என்று செய்தி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனார்கள். பாக்கியராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மெசின்காரனுக்குப் பின்னாலேயே நடந்தார். மூலையில் இரண்டு கதிர் விட்டுப்போனாலும் கத்தினார். வைக்கோல் தூசு பறந்தது. கொக்குகள் மெசினுக்குப் பின்னால் கூட்டமாக இறங்கிப் பூச்சி பொறுக்கின.

வரம்பில் ஒரு மருத மரத்து நிழலில் கலாஜினி சோற்றுப் பார்சல்களை வைத்துக்கொண்டு இருந்தாள். துசாந்தன் கொஞ்சம் தள்ளி இருந்தான். மெசின் அவர்கள் பக்கமாகத் திரும்பி வந்தது. அவன் ஏதோ சொன்னான். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

"கேக்கல்ல!" என்றாள்.

அவன் திரும்பவும் சொன்னான். கேட்கவில்லை. எழும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்து, காதுக்குக் கிட்ட வாயை வைத்தான்.

"ஏன் வெட்டச் சொன்னாய்?"

அவள் தயாராக வைத்திருந்த பதில்கள் பல. மருத்துவக் காரணங்கள்.

"பயந்துதான்."

"டொக்டர் பயப்பிடுறதா?"

"டொக்டர் சொல்லல்ல. உங்கட பெண்சாதிதான் சொன்னாள். வேற ஆருடையோ புருசனா இரிந்தா, பாட்டுக்காரர், சுரண்டி எடு, மிஞ்சினத மருந்தால பாப்பம் எண்டுதான் சொல்லியிரிப்பன். உங்களில எனக்கு அந்தத் துணிவு வரல்ல."

மெசின் அவர்களைக் கடந்து போனது. அவன் எழும்பிப் போய்விடுவான் என்று அவள் நினைத்தாள். அவன் காலால் வரம்பு மண்ணை மிதித்துக்கொண்டிருந்தான்.

"நீங்க முதல்நாளே சொல்லியிரிக்கலாம்," என்றாள் அவள். "ரெண்டு தரம் கேட்டன்."

"தெரியும்." மூச்சு எடுத்துக்கொண்டான். "குரல் வேணும் எண்டு சொன்னாச் சாகப் பயம். வெட்டு எண்டு சொன்னா மறுகா பாட ஏலா. ரெண்டையும் என்ட வாயால சொல்ல ஏலாமத்தான் உன்னட்ட விட்டன். நீ எதைச் சொன்னாலும் உன்னைக் குத்தம் சொல்லலாம் எண்டு."

அவ்வளவு நீளமாகப் பேசியதில் அவனுக்கு இருமல் வந்தது. அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டு அவளுடைய மடியில் கிடந்த பார்சலை எடுத்துப் பிரித்தான். மாசிக்கருவாட்டுச் சம்பலும் இறால் குழம்பும் சோற்றில் ஊறியிருந்தன.

பாக்கியராசா வியர்த்து ஒழுகிக்கொண்டு வந்து சேர்ந்தார். "ரெண்டு பேரும் என்ன குசுகுசுப்பு? எனக்கும் சொல்லுங்க."

"பசிக்குதாம் உங்கட மருமகனுக்கு," என்றாள் கலாஜினி.

"அதுக்கேன் காதுக்குள்ள சொல்ற?"

அதற்குப் பிறகு எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. சில நாட்களில் அவன் திரும்பவும் மௌனமாகிவிடுவான். பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர் சொன்னபடி காலையும் மாலையும் கிணற்றடியில் நின்று 'ஆ' என்றும் 'ஈ' என்றும் இழுப்பான். முதலில் காற்று, பிறகு காற்றுக்குள் ஒரு கரகரப்பு, சித்திரை பிறக்கும்போது கரகரப்புக்குள் ஒரு சத்தம். மேல் ஸ்தாயி வராது என்று அகீலா ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். வரவுமில்லை. சனிக்கிழமைப் பிள்ளைகளில் சிலர் வேறு மாஸ்டரிடம் போனார்கள். நின்றவர்களுக்கு அவன் சுருதியை நன்றாகக் கீழே இறக்கி, உடைந்த குரலில் ஒரு வரி சொல்லிக் கொடுப்பான். மேலே போகவேண்டிய இடத்தில் கையைத் தூக்கிக் காட்டுவான். பிள்ளைகள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு ஏறுவார்கள்.

களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு வருசா வருசம் பாடுகிறவன். அந்த வருடம் வேறொருவர் பாடினார். துசாந்தன் வேட்டியைக் கட்டிக்கொண்டு போய்ச் சனத்தோடு சனமாக மணலில் இருந்து கடைசிவரை கேட்டான். வீட்டுக்கு வந்து, "நல்லாப் பாடினார். ரெண்டாவது பாட்டில மட்டும் கொஞ்சம் அவசரம்," என்றான். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. கலாஜினியும் வற்புறுத்தவில்லை.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை. ஆஸ்பத்திரி வாங்குகள் நிறைந்து வாசல்வரை சனம் நின்றது. குழந்தைகள் அழுதன. மருந்து கொடுக்கிற யன்னலில் பெயர் கூப்பிட்டார்கள். மேலே பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றியது. கலாஜினி ஒரு அம்மாவுக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். கைத்தொலைபேசி மேசையில் அதிர்ந்தது. துசாந்தன்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவன் யாருக்கும் போன் எடுத்ததில்லை. குரல் மற்றப் பக்கம் போகாது என்று போனைத் தொடுவதையே விட்டிருந்தான். ஏதும் வேண்டுமென்றால் எழுத்தில் அனுப்புவான். தகப்பனுக்குத்தான் ஏதோ நடந்துவிட்டதோ என்று நினைத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ? என்னப்பா? என்ன நடந்த?"

முதலில் மூச்சுத்தான் கேட்டது. பிறகு ஏதோ ஒரு சத்தம், சனத்தின் இரைச்சலில் அமுங்கிப் போனது.

"கேக்கல்ல. திரும்பச் சொல்லுங்க."

"பயப்பிடாத... அகீலா... வந்திரிக்கா..."

மிச்சத்தை விசிறி அடித்துக்கொண்டு போனது. கலாஜினி எழும்பிப் போய் விசிறியை நிற்பாட்டினாள். வாசல் கதவைச் சாத்தினாள். ஆடி வெக்கையில் அறை ஒரு நொடியில் புழுங்கியது. பிரஷர்ப் பட்டியோடு இருந்த அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன டொக்டர், அவியுதே," என்றாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றாள் கலாஜினி. "எங்கட வீட்டுக்காரர் கதைக்கிறார்."